கையில் எகிறும் பிபி... காலில் பார்த்தீர்களா?

கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் திறந்துவிட்டால், கோபி வட்டாரத்தில் கேட்கும் முதல் கேள்வி, "கடைமடைக்கு வந்து சேர்ந்துச்சுங்களா?" என்பதுதான். நடுவில் அடைப்பு இருந்தால் மேலே கரை ததும்பும், கீழே வயல் காயும். தலைமடையை மட்டும் பார்த்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை.

ஆனால் பிபி பார்க்கும்போது அதைத்தான் செய்கிறோம்.

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் மகாதமனி. சிலருக்கு அது பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருக்கும். மருத்துவர்கள் இதை 'கோஆர்க்டேஷன்' என்கிறார்கள். பிறவி இதயக் குறைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை இந்த வகைதான். தலைக்கும் கைகளுக்குமான கிளைகள் பெரும்பாலும் குறுகலுக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. அதனால் கையில் அழுத்தம் எகிறும், காலில் நாடி மெலியும். இயல்பாகப் படுத்த நிலையில் காலில் அழுத்தம் கைக்குச் சமமாகவோ சற்று கூடுதலாகவோ இருக்க வேண்டும். கையில் 20 புள்ளிக்கு மேல் கூடுதல் என்றால் விசாரித்தே ஆக வேண்டும்.

25 வயது இளைஞருக்கு வேலையில் சேரும்முன் நடக்கும் பரிசோதனையில் பிபி 160 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். "நைட் ஷிஃப்ட்டுங்க, டென்ஷன்ல ஏறியிருக்கும்" என்று அவரே காரணமும் சொல்லிவிடுவார். ஒரு மாத்திரையோடு கதை முடியும். அடிக்கடி வரும் தலைவலி, மூக்கில் ரத்தம், நடந்தால் கால் வலிப்பது, இதெல்லாம் தனித்தனிக் கதையாகவே கிடக்கும். பலருக்கு அந்த அறிகுறிகள்கூட இருக்காது. குறுகலைச் சுற்றிப் போக உடல் மெல்ல மெல்லச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைப் பெரிதாக்கிக்கொள்வதால், ஆள் நன்றாகவே தெரிவார்.

பிறந்த குழந்தைக்கோ அவகாசமே கிடையாது. கருவிலிருந்தே இருக்கும் ஒரு இணைப்புக் குழாய், பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். குறுகல் கடுமையாக இருந்தால், அதுவரை நன்றாக இருந்த குழந்தை சட்டென்று சரியும். பெரும்பாலும் அதற்குள் தாயும் சேயும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் சோதனையும் இந்தக் குறையைப் பல நேரம் தவறவிடும். பால் குடிக்கத் திணறல், வேக மூச்சு, வியர்வை, சில்லென்ற கால்கள் தெரிந்தால் "சளிதான், சரியாயிடும் கண்ணு" என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூடும் குழாயைத் திறந்துவைக்க மருந்து இருக்கிறது.

சிகிச்சை புதிதல்ல. 1944 அக்டோபரில் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலில் குறுகலை வெட்டி எடுத்து மகாதமனியை இணைத்தார். முதல் நோயாளி 12 வயதுச் சிறுவன். சில நாட்களில் அடுத்தவர், 27 வயது விவசாயி. இருவரும் பிழைத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்தக் குறையோடு வளர்ந்தவர்களின் ஆயுள் சராசரியாக 35-ஐ ஒட்டித்தான். இன்று பெரியவர்கள் பலருக்குத் தொடை வழியாக பலூன், ஸ்டென்ட் வைத்தே விரித்துவிடுகிறார்கள்.

பிறவி இதயக் குறைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. எனவே முதல் தடை பணம் அல்ல, கண்டுபிடிப்பதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்க்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013 முதல் தேசியத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 40 வயதுக்குள் பிபி கூடுதலாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் காலிலும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இந்தத் திட்டங்களில் கட்டாயமாக்கலாம். தொடையிடுக்கில் நாடி பார்க்க விரல் போதும். கையில் கட்டும் அதே பட்டையைப் படுக்கவைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டினாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

தாமதத்துக்கு விலையும் உண்டு. வயது ஏறிய பிறகு குறுகலைச் சரிசெய்தால், பிபி பலருக்கு முழுதாக இறங்குவதில்லை. சிறுவயதில் சரிசெய்தவர்களுக்கும் அந்த இடம் மறுபடி குறுகலாம், வீங்கலாம். அதனால் இதய மருத்துவரிடம் ஆயுள் முழுக்கப் போய் வர வேண்டும், அந்தப் பழைய ஃபைலையும் எடுத்துக்கொண்டு.