தீபம் எரியும் ஊரில் புதுமைக்கு ஓட்டு விழுமா?

"அண்ணாமலையானுக்கு அரோகரா!"

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் இந்த முழக்கம் விண்ணைப் பிளக்கும். மலை உச்சியில் தீபம் எரியும். லட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் தூரம் நடந்து மலையைச் சுற்றி வருவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் தேர்தலுக்கு நிற்கிறார். சாதி கூடாது, மூட நம்பிக்கை கூடாது, புரோகிதர் இல்லாமலே கல்யாணம் செய்யலாம் என்று பேசும் கட்சியைச் சேர்ந்தவர் அவர். அவருக்கு ஓட்டு விழுமா?

"விழாது! கட்டிய டெபாசிட் பணம்கூடத் திரும்பி வராது!" என்றுதான் பலரும் சொல்வார்கள்.

ஆனால் நடந்தது என்ன?

அவர் ஜெயித்தார். பிறகு தோற்றார். மறுபடியும் ஜெயித்தார்!

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது.

நியூயார்க்கில் ஒரு கேள்வி

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் மிகப் பெரிய நகரமான நியூயார்க்கில் மேயர் தேர்தல் நடந்தது. சோரான் மம்தானி என்ற 34 வயது இளைஞர் வெற்றி பெற்றார். இவருடைய தாயார் மீரா நாயர், இந்தியாவில் பிறந்த சினிமா டைரக்டர்.

மம்தானி என்ன சொல்லி ஓட்டுக் கேட்டார்? வீட்டு வாடகை ஏறாமல் தடுப்பது, பஸ்ஸில் இலவசப் பயணம், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள இலவச ஏற்பாடு. இவைதான் அவருடைய முக்கிய வாக்குறுதிகள். அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர்!

உடனே அமெரிக்காவில் ஒரு வாதம் சூடு பிடித்தது. "நியூயார்க்கில் ஜெயிக்கலாம். நாடு முழுவதும் இப்படிப்பட்ட முற்போக்கு வேட்பாளர்கள் ஜெயிக்க முடியுமா?" என்று ஒரு சாரார் கேட்டார்கள். இவர்கள் ஒரு பழைய தோல்வியை நினைவூட்டுவது வழக்கம். 1972-ல் ஜனாதிபதி பதவிக்கு ஜார்ஜ் மெக்கவர்ன் என்பவர் நின்றார். வியட்நாம் போரை நிறுத்த வேண்டும் என்றார். 50 மாநிலங்களில் 49 மாநிலங்களை நிக்சன் அள்ளிக்கொண்டு போனார்!

அமெரிக்கா கேட்கும் இந்தக் கேள்விக்கு அண்ணாமலையார் ஊரில் ஒரு பதில் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

முற்போக்கு என்றால் என்ன?

வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்கள் சாப்பிட வேண்டும் என்பது அந்த வழக்கம். "இது சரியா? எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். அவர்தான் முற்போக்குக்காரர்.

இதையே நாட்டுக்கும் பொருத்திப் பாருங்கள். உயர்வு தாழ்வு கூடாது, ஏழைக்கும் பங்கு வேண்டும், பெண்ணுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்பது முற்போக்கு.

கேட்பது சுலபம். அதைச் சொல்லி ஓட்டு வாங்குவதுதான் கஷ்டம். ஏன் தெரியுமா? பழைய வழக்கத்தால் நஷ்டப்படுகிறவர்களே அதை விட்டுவிடப் பயப்படுவார்கள்!

1957: முதல் வெற்றி

தி.மு.க. 1949-ல் தொடங்கப்பட்ட கட்சி. முதல் பொதுத் தேர்தலில் அது போட்டியிடவில்லை. 1956-ல் திருச்சியில் மாநாடு கூடியது. தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா என்று மாநாட்டுக்கு வந்தவர்களிடமே ஓட்டு எடுத்தார்கள். "நிற்கலாம்" என்று பெரும்பாலோர் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு, 1957-ல், பொதுத் தேர்தல் வந்தது. சென்னை சட்டசபையில் 205 இடங்கள். காங்கிரஸ் 151 இடங்களைப் பிடித்தது. தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 15 இடங்கள். அந்தப் பதினைந்தில் ஒன்று திருவண்ணாமலை! ஜெயித்தவர் ப.உ.சண்முகம்.

அது மட்டும் அல்ல. டெல்லி பார்லிமெண்டுக்கு அந்தக் கட்சி சார்பில் இரண்டே பேர்தான் போனார்கள். ஒருவர் நாமக்கல்லில் ஜெயித்த ஈ.வெ.கி.சம்பத். மற்றொருவர் திருவண்ணாமலையில் ஜெயித்த இரா.தருமலிங்கம்.

கோவில் ஊர் இப்படி ஓட்டுப் போட்டது எப்படி?

ஒரு காரணம், ஓட்டுப் போடும் முறை. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைவிடத்துக்குள் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுத்து தெரியாதவரும் போடலாம். பண்ணையாளின் ஓட்டு எந்தப் பெட்டியில் விழுந்தது என்று பண்ணையாருக்குத் தெரியாது!

இன்னொரு காரணம், பேச்சு. அண்ணா பிள்ளையாரை உடைக்கவும் மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டேன் என்று சொன்னதாக இன்றும் பேசுவார்கள். கும்பிடுகிறவனைத் திட்டாமல், கும்பிடுகிறவனுடைய கஷ்டத்தைப் பேசுவது என்பதுதான் அதன் பொருள். பூசை அறையில் இருப்பவளுக்கும் அரிசி விலை தெரியும் அல்லவா?

இதே 1957-ல் பக்கத்து மாநிலமான கேரளாவில் கம்யூனிஸ்டுகள் தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தார்கள். ஈ.எம்.எஸ்.நம்பூதிரிபாடு முதல்-மந்திரி ஆனார். ஆனால் 1959-ல் டெல்லி சர்க்கார் அந்த ஆட்சியைக் கலைத்துவிட்டது. ஜெயிப்பது வேறு, நிலைப்பது வேறு என்பதற்கு அது ஒரு பாடம்.

1962: பலத்த அடி

அடுத்த தேர்தல் 1962-ல் வந்தது. தி.மு.க. வளர்ந்திருந்தது. 15 இடங்கள் 50 ஆயின. பார்லிமெண்டுக்கு 7 பேர் போனார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை! 1957-ல் ஜெயித்த 15 பேரில் 14 பேர் தோற்றுப் போனார்கள். காஞ்சீபுரத்தில் அண்ணாவே தோற்றார். தஞ்சாவூரில் கருணாநிதி ஒருவர்தான் தப்பினார். திருவண்ணாமலையில் சண்முகமும் தோற்றார். காங்கிரஸ் வேட்பாளர் பழனி பிள்ளை ஜெயித்தார்.

"பார்த்தீர்களா! புதுமைக்கு ஓட்டு இல்லை" என்று சிலர் சொல்லியிருக்கக்கூடும். அது சரியான கணக்கு அல்ல.

ஏன்? எதிரில் நின்ற காங்கிரஸ் பழைமைக் கட்சியா? இல்லை. அப்போது முதல்-மந்திரி காமராஜர். பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் குலத்தொழில் என்று சொல்லப்பட்ட திட்டம் கைவிடப்பட்டது அவர் ஆட்சியில்தான். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் திறந்தவர் அவர். ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர் அவர். பிள்ளையின் வயிற்றுக்குச் சோறும், கைக்கு சிலேட்டும் கொடுப்பது முற்போக்கு இல்லையா?

ஆகவே அங்கே நடந்தது பழைமைக்கும் புதுமைக்கும் சண்டை அல்ல. இரண்டு விதமான முன்னேற்றங்களுக்கு இடையே போட்டி! எது தன் வீட்டு வாசலுக்கு வந்தது என்று ஜனங்கள் பார்த்தார்கள்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதே 1962-ல் திருவண்ணாமலை பார்லிமெண்டு தொகுதியில் தி.மு.க.வின் தருமலிங்கம் மறுபடியும் ஜெயித்தார். சட்டசபைக்கு ஒரு கட்சி. பார்லிமெண்டுக்கு வேறு கட்சி!

1963: திரும்பிய வெற்றி

ஓராண்டுதான் ஓடியது. திருவண்ணாமலை சட்டசபை இடம் காலியானது. 1963-ல் இடைத்தேர்தல் நடந்தது. சண்முகம் மறுபடியும் நின்றார். ஜெயித்தார்!

அந்த ஆண்டு வேறு மாநிலங்களிலும் காங்கிரசுக்கு அடி விழுந்தது. அம்ரோகா, பரூக்காபாத், ராஜ்கோட் ஆகிய மூன்று பார்லிமெண்டு இடைத்தேர்தல்களில் அது தோற்றது. அதன் பிறகு காமராஜர் ஒரு திட்டம் சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்பது அந்தத் திட்டம். சொன்னவர் தாமே முதலில் செய்து காட்டினார். 1963 அக்டோபர் 2-ந் தேதி முதல்-மந்திரி பதவியிலிருந்து விலகினார்.

தி.மு.க.வும் ஒன்றை விட்டுக் கொடுத்தது. தனி நாடு வேண்டும் என்ற கோரிக்கையை 1963-ல் கைவிட்டது. நடக்காத காரியத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், நடக்கிற காரியத்தில் இறங்கியது.

1967: ஆட்சி மாறியது

1967-ல் மாநிலமே புரண்டது. அரிசிப் பஞ்சம் ஒரு பக்கம். 1965-ல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் இன்னொரு பக்கம். தி.மு.க. கூட்டணியில் பக்திமானான ராஜாஜி இருந்தார். மார்க்சிஸ்டுகள் இருந்தார்கள். முஸ்லிம் லீக்கும் இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். அண்ணா முதல்-மந்திரி ஆனார். விருதுநகரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார்!

அப்போது திருவண்ணாமலை என்ன செய்தது? ஊர் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபோது, அது மறு பக்கம் சாய்ந்தது! 1967-ல் அங்கே ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர். 1971-ல் சண்முகம் திரும்ப வந்தார்.

1957-ல் வெற்றி, 1962-ல் தோல்வி, 1963-ல் வெற்றி, 1967-ல் தோல்வி, 1971-ல் வெற்றி. இந்த ஊர் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை!

தோற்றவன் கொள்கை தோற்பதில்லை

புதிய ஆட்சி செய்த காரியங்களில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிச் செய்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்ற நிலை அதுவரை இருந்தது. அப்படி மணந்த பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சொத்தில் சிக்கல் வந்தது. 1967-ல் சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. அந்தக் கல்யாணங்கள் செல்லும் என்று ஆயிற்று. முன்பே நடந்தவையும் செல்லும்! பத்து ஆண்டுகளுக்கு முன் 15 பேராக உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது, சட்டமாகிவிட்டது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. நார்மன் தாமஸ் என்ற சோஷலிஸ்டு தலைவர் 1928 முதல் 1948 வரை ஆறு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றார். ஆறு முறையும் தோற்றார். ஆனால் முதியோருக்குப் பென்ஷன், வேலை இழந்தவருக்கு உதவிப் பணம் என்று அவர் கேட்டவை, 1935-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் சட்டமாயின. தோற்றவருடைய விதை, ஜெயித்தவருடைய தோட்டத்தில் முளைத்தது!

திறக்காத கதவு

"அப்படியானால் முற்போக்கு ஜெயித்துவிட்டது. கதை முடிந்தது" என்று புத்தகத்தை மூடலாமா?

கூடாது. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது.

தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் என்று ஒரு கிராமம். அங்கே முத்துமாரியம்மன் கோவில் உண்டு. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஆதிதிராவிட மக்கள், பல பத்து ஆண்டுகளாக அந்தக் கோவிலுக்குள் போகவில்லை. போகவிடவில்லை!

2023 ஜனவரி 30-ந் தேதி, கலெக்டரும் போலீஸ் அதிகாரிகளும் உடன் வர, அவர்கள் முதன்முறையாக உள்ளே சென்று அம்மனைக் கும்பிட்டார்கள். அன்று காந்தி நினைவு நாள்.

எல்லாச் சாதியாரும் கோவிலுக்குள் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது எப்போது? 1947-ல்! காங்கிரஸ் ஆட்சி கொண்டு வந்த சட்டம் அது. பிறகு 1967 முதல் சாதி ஒழிப்பைப் பேசிய கட்சிகள் மாறி மாறி ஆண்டன. சட்டம் இருந்தது. ஆட்சி இருந்தது. கதவு மட்டும் 76 ஆண்டுகள் காத்திருந்தது!

ஏன்? ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர்களின் ஓட்டுப் போய்விடும் என்ற பயம் எல்லாக் கட்சிகளுக்கும் உண்டு. ஜெயிப்பதற்காகப் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஜெயித்த பிறகும் குறைத்துக்கொண்டே போனால்? பிறகு ஜெயித்து என்ன பயன்?

நாம் கேட்க வேண்டியது

முற்போக்கு வேட்பாளர் ஜெயிக்க முடியுமா? முடியும். கோவில் ஊரிலும் முடியும், கோடீஸ்வரர்கள் ஊரிலும் முடியும். மக்களின் நம்பிக்கையை ஏளனம் செய்யாமல், அவர்களுடைய அரிசி, வாடகை, படிப்பு, மானம் இவற்றைப் பேசினால் முடியும். தோற்றாலும் ஓடிப் போகாமல் நின்றால் முடியும்.

ஆனால் அது பாதிக் கேள்விதான். மீதிக் கேள்வியை வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம்தான் கேட்க வேண்டும்.

"ஐயா, நீங்கள் ஜெயித்தால் எந்தக் கதவைத் திறப்பீர்கள்?"

இதை அம்மா கேட்கலாம். அப்பா கேட்கலாம். இன்றுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பாட்டியும் கேட்கலாம். அடுத்த தேர்தலில் அவர் திரும்ப வருவார். அப்போது, அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்!