0.03 மோகம்

"அண்ணா, 0.03 பேனா எங்க கிடைக்கும்?" அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது சின்னவன் கேட்டான். படம் வரைய ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பையில் ஏற்கெனவே 0.05, 0.1, 0.2 எல்லாம் இருக்கு. இன்னும் மெல்லிசா ஒன்று கிடைத்தால் படம் சரியா வந்துடும் என்று நம்புகிறான். கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை, என் இழுப்பறையிலேயே பதினோரு பேனாக்கள் செத்துக் கிடக்கின்றன. ஆனாலும் சொல்கிறேன்: இந்த மெல்லிய நுனித் தேடல் வரைவதைத் தள்ளிப்போட நாம் கண்டுபிடித்த கௌரவமான சாக்கு.

முதலில் அந்த எண்கள். சக்குராவின் பிக்மா மைக்ரானில் 01 என்று போட்டிருந்தால் அது 0.1 மி.மீ. இல்லை, 0.25. 005 என்பது 0.20. 05க்கும் 08க்கும் இடையே வெறும் 0.05தான் வித்தியாசம். ஸ்டெட்லர் பிக்மென்ட் லைனரிலோ எண் மி.மீ. கணக்கிலேயே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "இது ஏன் தடிமனா எழுதுது" என்று குழம்பாதவர் யார்?

பொறியியல் முதலாண்டில் மினி டிராஃப்டரைத் தோளில் தூக்கித் திரிந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். தடித்த கோடும் மெல்லிய கோடும் குறைந்தது இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வரைபடத் தர அளவுகள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று போகின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கினால் பக்க நீளங்களும் அதே 1.4 மடங்குதான் கூடும். அதனால் 0.35இல் போட்ட கோடு பெரிதான தாளில் சரியாக 0.5 ஆகிவிடும், அடுத்த பேனாவை எடுத்துத் திருத்தத்தைத் தொடரலாம். என்ன ஒரு அழகான ஏற்பாடு! நமக்கு வகுப்பில் இதை யாரும் விளக்கவில்லை, "நீட்டா போடு" என்று மட்டும் சொன்னார்கள். நீட் என்றால் மெல்லிசு என்று நாமே புரிந்துகொண்டோம்.

மைக்ரான் 005ம் 01ம் வாங்கி வைத்திருப்பவரிடம் இரண்டு பேனா இல்லை, ஒரே பேனா இரண்டு தடவை இருக்கிறது. ஏ4இல் 0.15 கோட்டால் வரைந்து, படமெடுத்து, கைப்பேசித் திரையில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கினால் மிஞ்சுவது 0.05. சாம்பல் புகை மாதிரி தெரியும். அப்புறம் யாரும் லைக் போடலைன்னு வருத்தம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள், கறுப்பு அங்கே தயங்குவதே இல்லை.

மெல்லிய நுனிக்கு வேலையே இல்லையா? இருக்கு. உள்ளங்கை அளவுப் படத்தில் இலை நரம்பு, ஓட்டு வரிசை. ஆனால் ரெனால்ட்ஸ் பிடித்து அழுத்தியே பழகிய கை நம்முடையது. உலோகக் குழலுக்குள் நிற்கும் அந்தத் துளி நார்நுனி சொரசொரப்பான தாளில் ஒரே வாரத்தில் உள்ளே போய்விடும். புதிதாக வரைபவருக்கு மைக்ரான் 02 ஒன்று, 08 ஒன்று போதும். மிச்சக் காசுக்கு நல்ல தாள் வாங்குங்க.

நுனியைவிட முதலில் கேட்க வேண்டியது மையைப் பற்றி. சாயமை தண்ணீரில் கரையும், வெயிலில் வெளுக்கும். நிறமித்துகள் மை காய்ந்தபின் அப்படியே நிற்கும். ஜெல் பேனாக்களில் இரண்டு வகையும் உண்டு, கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் கழித்து ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். இன்னொரு தாளில் நாலு கோடு போட்டு, பாதியை அட்டையால் மூடி, ஒரு மாதம் ஜன்னலோரம் வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். அம்மாச்சி வீட்டை இடிப்பதற்கு முந்தின வாரம் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். திண்ணை, உத்திரம், முற்றத்தின் நாலு தூண், பின்கட்டுக் கிணறு. கையிலிருந்தது 0.3 ஜெல் பேனா. மெல்லிசா எழுதுது என்பதற்காகவே தேடி வாங்கியது, மை என்னவென்று பார்க்கவில்லை. திரும்பும்போது பேருந்தின் கூரை ஒழுகிப் பை நனைந்தது. நோட்டு இன்னும் இருக்கு. திண்ணைப் பக்கம் பாதி தப்பிவிட்டது. தூண்கள் ஒன்றோடொன்று கரைந்திருக்கின்றன. கிணறு இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கறை.