அயலவன் வயலும் நமது மனச்சாட்சியும்

"இடம்பெயர்ந்து வந்தவனுக்கு ஏது சுவாமி பாவம்?"

வயதான விவசாயி ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வேப்பமர நிழலில். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருந்தால் அதை இங்கே எழுதியிருக்க மாட்டோம். போர் முடிந்து ஓராண்டு கழிந்திருந்த நேரம் அது. மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயலை அவர் பல போகங்களாக விதைத்து வந்தார். வயல் அவருடையதல்ல. அதற்குரிய முஸ்லிம் குடும்பம் 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதியாக இருந்தது. அவருடைய சொந்த வயலோ வேறோர் ஊரில் முட்கம்பி வேலிக்குள் கிடந்தது. தம் வயலைப் பறித்தவர்களை எவரும் கேட்கவில்லை. தம்மை மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பது அவரது நியாயம்.

இந்த நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளை பசியால் அழும்போது ஆளில்லாத வளவில் தேங்காய் பிடுங்கியவரைத் திருச்சபை கள்வர் என்று கூறவில்லை. கடும் தேவையில் உயிர் காக்க எடுப்பது களவல்ல என்று 13 ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்தார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதையே போதித்தது. 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது யாரோ ஒருவரின் வீட்டுத் திண்ணையில் படுத்ததையும், அவர்களுடைய விறகை எரித்ததையும் நினைத்து இன்றும் மனம் வருந்தும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் பசி தீர்ந்த பின்பும் கை நீண்டபடியே இருந்தால் அது வேறு விடயம். தவறு ஒருபோதும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு படலைக்குள் வருவதில்லை. "காடு பற்றாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று வரும். "உடையவன் இனி வரமாட்டான்" என்று வரும். வேலி அடைக்கும்போது கதியால் ஒரு முழம் தள்ளி நடப்படும். கேட்டால் பழைய வேலி அங்கேதான் இருந்தது என்போம். இவற்றுள் பாதி உண்மையும் இருக்கும், அதனால்தான் நம்மை நாமே ஏமாற்றுவது எளிதாகிறது. அநியாயம் அனுபவித்தவர்களுக்கு இது இன்னும் எளிது. நம் காயத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அடுத்தவன் காயம் தெரிவதில்லை.

விசுவாசம் நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். எகிப்தில் அந்நியராய் வருந்திய மக்களுக்குக் கடவுள் கொடுத்த சட்டத்தைப் பாருங்கள். நீங்கள் துன்பப்பட்டவர்கள், ஆகவே உங்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று அது சொல்லவில்லை. அந்நியரின் உள்ளம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்கிறது விடுதலைப் பயண நூல். அயலவனின் எல்லைக் கல்லைப் பெயர்ப்பவன் சபிக்கப்பட்டவன் என்கிறது இணைச்சட்ட நூல். தறப்பாளின் கீழ் கிடந்த நம்மைவிட இதை விளங்கிக்கொள்ளக்கூடியவர் யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் தடையின்றித் தனதென்று ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு இது அநீதி என்பதால் 2016 இல் விசேட சட்டமொன்று வந்தது. அதுவும் குறுகிய காலத்துக்கே. ஆகவே சட்டத்தின் ஓட்டைக்குள்ளால் அயலவன் வயலோடு வெளியே வர ஒருவரால் முடியும். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு பெற்றதும் முத்திரையிட்ட கடிதங்களாலும் இரண்டு சாட்சிகளாலும்தான். பத்திரம் எல்லாம் சரியாக இருந்தது. எலியா மட்டும் வந்து அதைக் கொலையென்றும் கொள்ளையென்றும் அதன் பெயரால் அழைத்தார்.

நமக்குள்ளும் எலியா வர இடம் வேண்டும். புனித இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு நாளில் இருமுறை ஆத்தும சோதனை செய்யக் கற்பித்தார். வயல்வேலை செய்பவர்களுக்கு இரவு ஒருமுறையாவது முடியும். உடையவன் இன்று வரம்பில் வந்து நின்றால் அவன் முகம் பார்த்து எதைச் சொல்ல என்னால் முடியாது என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

குருக்களாகிய நம்மிடமும் குறையுண்டு. மனஸ்தாபத்தைப் பற்றிப் பிரசங்கித்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நாம் பிரசங்கிக்கவில்லை. சக்கேயு அழுததாக நற்செய்தியில் இல்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் தருவேன் என்றார். அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் கூறியது அதற்குப் பின்பே.

அந்தப் பெரியவர் நான்கு மடங்கு கொடுக்கவில்லை; அவரிடம் அவ்வளவு இல்லை. புத்தளத்துக்குப் போய்வரும் வியாபாரி ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார். வயலுக்குரியவரின் மகன் வந்தார். காடு வெட்டிய செலவு, வரம்பு கட்டிய கூலி எல்லாம் கணக்குப் பார்த்தார்கள். சத்தமும் போட்டார்கள். கடைசியில் அடுத்த காலபோகத்தைக் குத்தகைக்குச் செய்வதென்றும் ஏக்கருக்கு இத்தனை மூடை என்றும் பேசி முடித்தார்கள். பெரியவரின் மூத்த மகன் நம்மோடு இரண்டு வருடம் பேசவில்லை. அறுவடை முடிந்து முதல் மூடைகள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியபோது, பெரியவர் தாமே எண்ணி ஏற்றினார்.