பெட்டியைக் கிழிங்க தம்பி

மேலூரில் திருச்சி ரோட்டோரம் முப்பது வருஷமாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கல் குவாரிக்குப் போய்வந்த டிப்பர், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், மகள் கல்யாணத்துக்காகப் புதுசாக்கச் சொல்லி வந்த அம்பாசடர் என்று எத்தனையோ வண்டிக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு நான் எடுக்கும் வண்டிகள் உள்ளங்கையில் அடங்கும். “என்னண்ணே, தொழில் இம்புட்டூண்டு ஆயிருச்சா?” என்று டீக்கடையில் கேட்பார்கள்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். அட்டைப்பெட்டி நிறைய ஹாட் வீல்ஸ் கார்கள், எண்ணினால் நாற்பது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அட்டையின் முனை மடங்கக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கண்ணாடி உறை. எதற்குக் கொண்டுவந்தீர்கள், கலர் மாற்றவா என்றேன். பதறிவிட்டார். “பிரிச்சா விலை போயிரும்ணே. சும்மா காட்டலாம்னுதான்.”

அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியே 1995 முதல் ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்று சில வண்டிகளைக் குறைவாகப் போட்டு, கலந்து விற்கிறது. அதைத் தேடிக் கடை திறக்கும் முன்பே போய் நிற்கிறவர்கள் உண்டு. இருநூறு ரூபாய்க்குள் வாங்கியதைப் பல மடங்குக்கு விற்கிறவர்களும் உண்டு. செய்யட்டும். ஆனால் அதற்குப் பெயர் பொம்மை இல்லை, பங்குப் பத்திரம். நம் வீட்டுக் கொலு பொம்மைகூட வருஷத்துக்கு ஒன்பது நாள் பெட்டியை விட்டு வெளியே வருகிறது. சாயம் போனால் பொம்மை செய்யும் விளாச்சேரிக்குப் போய்ப் புதுசும் ஆகிறது.

பெட்டியைக் கிழித்தால்தான் தெரியும், அது எப்பேர்ப்பட்ட வேலை என்று. வண்டியைக் கவிழ்த்தால் அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தெரியும். அதன் தலையை 3 மி.மீ. பிட் வைத்து மெதுவாகக் கடைந்தால் பாடி, கண்ணாடி, சீட், அடித்தட்டு எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். அந்தத் தண்டிலேயே 1.6 மி.மீ. துளை போட்டு, மரை வெட்ட டேப் ஓட்டினால், திரும்ப மாட்ட 2 மி.மீ. ஸ்க்ரூ போதும்.

என் முதல் வண்டியைக் கொன்றது என் அனுபவம்தான். கூரையைத் தாங்கும் ஒரு தூண் லேசாக வளைந்திருந்தது. இரும்புத் தகட்டில் பழகின கை இல்லையா, கேஸ் டார்ச்சைக் காட்டி நிமிர்த்தப் பார்த்தேன். பாதிக் கூரை சொட்டாக மேஜையில் விழுந்தது. அது இரும்பே இல்லை, துத்தநாகத்தில் அலுமினியம் சேர்த்த கலவை. 390 டிகிரியைத் தொடுவதற்குள் உருகிவிடும். இரண்டாவது வண்டியில் தின்னர் பட்டு பிளாஸ்டிக் கண்ணாடி பூத்துப்போனது.

மூன்றாவது வண்டியில்தான் கணக்குப் புரிந்தது. இவை ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. கம்பெனியில் பெயிண்ட் அடித்து வரும் நிஜக் காரின் மேல் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. கனம் இருக்கும். அதே கனத்தை இந்தக் குட்டிக்கு ஏற்றினால், நிஜக் காரில் 6 மி.மீ. பெயிண்ட் அப்பியதற்குச் சமம். கதவுக் கோடு மூடிவிடும், வண்டி பாயசத்தில் முக்கி எடுத்த மாதிரி நிற்கும். முப்பது வருஷமாக “இன்னொரு கோட்டிங் கொடு” என்று பையன்களை விரட்டிய நான், ஐம்பத்து மூன்று வயதில் பெயிண்டைக் குறைக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு பெரிய வண்டியிலும் என் கை சுத்தமாகியிருக்கிறது, கஸ்டமர்களே சொல்கிறார்கள்.

இன்னொன்று. கடையில் தொங்குவதெல்லாம் அமெரிக்க ரோட்டு வண்டி, ஜப்பான் ரோட்டு வண்டி. மேலூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் நிற்பது எது? குட்டியானை. 2005-ல் வந்த டாடா ஏஸ், நீளம் 3.8 மீட்டர். குட்டியாக்கினால் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மூக்கில்லாத ஒரு வேனை அறுத்து, பின்னால் ஐஸ் குச்சியில் தொட்டி கட்டி, வைக்கோலுக்குத் தேங்காய் நார் வைத்துச் செய்தேன். நம்பர் பிளேட் 8 மி.மீ. நீளம், 2 மி.மீ. உயரம், மஞ்சள் அடித்துக் குண்டூசி முனையால் எழுதினேன். பார்த்த டிரைவர் ஒருவர், தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டி, “பட்டை உடைஞ்ச வண்டி, என்னுதேதான்” என்றார்.

வெளிநாட்டு வண்டியை நம்முடையதாக்குவது ஒன்றும் புதுசில்லை. 1960களின் கடைசியில் கல்கத்தாவின் நிக்கி டாய்ஸ் இங்கிலாந்து டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கித்தான் பொம்மைக் கார் வார்த்தது. டிங்கியின் ட்ரையம்ப் ஹெரால்டு இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. நிஜ ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓடிவந்தது நம் சென்னைத் தொழிற்சாலையிலிருந்து.

பட்டறைக்கு இப்போது என் தம்பி மகள் வருகிறாள், எட்டாம் வகுப்பு. பெயிண்ட் ரிமூவரையும் டிரில்லையும் நான்தான் தொடுவேன். உப்புத்தாள், பிரஷ் எல்லாம் அவள். “பொம்பளப் பிள்ளைக்குக் கார் பொம்மை எதுக்கு?” என்று வீட்டில் முணுமுணுப்பு. வண்டி வேலைக்கு வந்த தமிழாசிரியர் ஒருவர் சொன்னார்: பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவது ஆண்பிள்ளைக்கு மட்டும்தானாம், மதுரை மீனாட்சிக்கே அம்மானையும் நீராடலும் ஊசலும்தான். அதற்கு மேல் என்ன சொல்ல! ஆனால் 1953-ல் விற்பனைக்கு வந்த மேட்ச்பாக்ஸ் கார்களுக்கு ஆரம்பமே ஒரு பெண்பிள்ளைதான். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்பதால், அவற்றை உருவாக்கிய ஜாக் ஓடல் தன் மகளுக்காக ஒரு ரோடு ரோலரைக் குட்டியாக்கிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அந்த வரிசை.

இவளுக்குத் தண்ணி லாரி செய்ய வேண்டுமாம். டேங்குக்கு மாத்திரை டப்பா தேடி எடுத்துவிட்டாள். கீழே ஓட ஒரு பழைய லாரி வேண்டும். அந்த மதுரைத் தம்பியின் நாற்பதில் ஒன்று இருக்கிறது. நேற்று போன் போட்டுக் கேட்டேன். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.