பாக்கெட்டில் ஒரு பத்து மடங்கு!

தேவாரம்னு சொன்னதும் பேப்பர் படிக்கிற ஆட்களுக்கு டக்குனு ஞாபகம் வர்றது நியூட்ரினோ. பக்கத்துல இருக்கிற பொட்டிப்புரம் மலைக்குள்ள சுரங்கம் குடைஞ்சு, 50,000 டன் எடையில் ஒரு கருவி வெச்சு, கண்ணுக்கே தெரியாத துகளைப் பிடிக்கிற திட்டம். 2015-ல் மத்திய அமைச்சரவை ஓகே சொன்னது. அப்புறம் எதிர்ப்பு, வழக்குனு அது ஒரு பெரிய கதை. அதை அரசியல் பக்கத்துக்காரங்க பார்த்துக்கட்டும்!

நம்ம பக்கத்துக்கு வேண்டியது வேற. அதே மலையடிவாரத்தில், வெறுங்கண்ணுக்குச் சிக்காத சமாச்சாரங்களைப் பிடிக்க இன்னொரு கருவி இருக்கு. கோழிமுட்டையைவிட எடை குறைவு. சட்டைப் பாக்கெட்டே போதும். சுரங்கம் தேவையில்லை. பேரு... லென்ஸ்!

“ஐயே, தாத்தா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியா?”னு உதட்டைப் பிதுக்காதீங்க. தாத்தா வெச்சிருக்கிறது ரெண்டு, மூணு மடங்கு பெருசாக் காட்டும். நான் சொல்றது 10 மடங்கு காட்டுற, மடக்கி மூடக்கூடிய குட்டி லென்ஸ். நகைக்கடையில் கல் பார்க்கிறவர் கண்ணில் இருப்பது இதுதான். சிவகாசி ஆஃப்செட் பிரஸ்ஸில் கலர் சரியா உட்கார்ந்திருக்கானு பார்ப்பதும் இதன் அண்ணன் தம்பிதான். திருப்பூர், கரூர் பக்கம் போனால் துணி மேல் நிற்க வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழைன்னு எண்ணுவாங்களே, அந்த பிக் கிளாஸும் இதே குடும்பம்.

துணின்னதும் ஒரு ஆளைச் சொல்லியே ஆகணும். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹாக்னு ஒரு துணி வியாபாரி. காலேஜ் வாசலையே மிதிக்காதவர். இழை எண்ணுகிற லென்ஸ் பழகின கை. தானே குட்டிக் குட்டியாக லென்ஸ் செய்து, 1670-களில் ஏரித் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன! பாக்டீரியாவை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். அவர் கையில் இருந்ததும் ஒரே ஒரு லென்ஸ்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஸோ, டிகிரியைவிட முக்கியம் குறுகுறுப்பு!

ஏமாறாதீங்க மக்கா!

ஆசை வந்து லென்ஸ் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘30 எக்ஸ், 21 மி.மீ.’னு பொறித்த பளபள லென்ஸ். விலையும் மலிவு. 30 மடங்கா, அள்ளுடானு வாங்கிடாதீங்க. பிளஸ் டூ பிசிக்ஸைக் கொஞ்சம் தூசு தட்டுவோம்.

லென்ஸின் பெருக்கம் என்றால், 25 செ.மீ.யை அதன் குவிய தூரத்தால் வகுத்தால் வருவது. 10 மடங்கு லென்ஸுக்குக் குவிய தூரம் 2.5 செ.மீ. 30 மடங்குக்கு? வெறும் 8 மில்லிமீட்டர் சொச்சம். ஒற்றைக் கண்ணாடி 8 மி.மீ.யில் ஒளியைக் குவிக்கணும்னா அது பயங்கரமாக வளைந்திருக்கணும். 21 மி.மீ. அகலமுள்ள கண்ணாடியை முழுக் கோலிக்குண்டாகவே உருட்டினாலும் சுமார் 16 மடங்குக்கு மேல் வராது. அப்புறம் அந்த மெல்லிசு லென்ஸ் 30 மடங்கு காட்டுறது எப்படி? காட்டாது. பெரும்பாலும் அது பத்து மடங்கு பக்கம்தான் நிற்கும்.

வீட்டிலேயே செக் பண்ணலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்க. லென்ஸைத் தாளுக்கு முன்னால் முன்னும் பின்னும் நகர்த்துங்க. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரம் தலைகீழாகத் தாளில் தெளிவாக விழும் இடத்தில், லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளங்க. 25-ஐ அந்த அளவால் வகுத்தால் லென்ஸின் ஜாதகம் கையில்!

பிகினர்ஸுக்கு நிஜமான 10 மடங்கே பெஸ்ட். 20 மடங்கு வாங்கினால் பார்க்கும் பொருள் லென்ஸை ஒட்டி நிற்கணும், வெளிச்சம் உள்ளே போகாது, கை லேசா நடுங்கினாலே காட்சி ஓடிடும். ‘ட்ரிப்லெட்’ என்று இருந்தால் மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்று அர்த்தம். ஓரத்தில் வானவில் கலரும் வளைசலும் குறைவாக இருக்கும். விலை கொஞ்சம் கூட, ஆனால் கீறாமல் வைத்துக்கொண்டால் உங்க பேரன் வரைக்கும் வரும்.

பிடிக்கிறதில் இருக்கு சூட்சுமம்

சினிமா துப்பறிவாளர் மாதிரி கையை நீட்டி லென்ஸைப் பிடிச்சீங்கன்னா ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் வையுங்க, மூக்குக் கண்ணாடி மாதிரி. பிடித்திருக்கும் கையைக் கன்னத்தில் ஊன்றிக்கோங்க. இப்போ இன்னொரு கையில் இருக்கும் இலையை மெதுவாக லென்ஸை நோக்கிக் கொண்டுவாங்க. பளிச்சுனு ஒரு இடத்தில் நிற்கும். ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை மூடினால் பத்து நிமிஷத்தில் தலைவலிதான். முக்கியமா, உங்க நிழல் பொருள் மேல் விழாத மாதிரி நில்லுங்க. எந்தக் காரணம் கொண்டும் லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்காதீங்க. பார்வையே போயிடும்.

ஏலக்காய்க்குள் ஒரு கிரைம் கதை

பொழுதுபோக்குதானே என்று நினைப்பவர்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க. போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப் பிடித்து இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள் எத்தனையோ. போடி சி.பி.ஏ. காலேஜ் பேரிலேயே ஏல விவசாயிகள் சங்கம் இருக்கிறது. படிக்கிற பலரின் ஃபீஸ் அந்தப் பச்சைக் காயில் இருந்து வருவதுதான்.

அந்தக் காய்க்கு ஒரு வில்லன். இலைப்பேன். தோட்டத்தில் த்ரிப்ஸ் என்பார்கள். நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. இலை உறைக்குள்ளும் பூவுக்குள்ளும் ஒளிந்து, பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். காய் பெரிதானதும் அந்த இடமெல்லாம் சொறி பிடித்த மாதிரி பழுப்பாகத் தடித்திருக்கும். 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடையில் தரம் பிரித்து, பச்சை நிறத்துக்கு விலை வைக்கிற ஏலத்தில் சொறிக்காய்க்கு என்ன மரியாதை கிடைக்கும்? நீங்களே யோசிங்க.

அதனால் பலரும் செய்வது, பூச்சி இருக்கோ இல்லையோ, நாள் கணக்கு வைத்து மருந்தடிப்பது. இங்கேதான் வினை. தெளிக்கிற தொழிலாளியின் மூச்சுக்குள் போவதும் அதே மருந்துதான். காலையில் விரிந்த பூ மேல் பட்டால் தேனீ சாகும். தேனீ வராவிட்டால் ஏலப்பூ காய் பிடிப்பது கஷ்டம். காயில் மருந்து எச்சம் தங்கினால் சவுதி அரேபியா மாதிரி பெரிய மார்க்கெட்டே சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பூச்சியும் மருந்துக்குப் பழகி, அடுத்த வருஷம் இன்னும் தெம்பாக வரும்.

பத்து மடங்கு லென்ஸ் இங்கே என்ன செய்யும்? பூங்கொத்தை வெள்ளைத் தாள் மேல் ரெண்டு தட்டு தட்டுங்க. விழுந்ததை லென்ஸில் பாருங்க. பழுப்புச் சாம்பல் நிறத்தில், மெலிந்த உடம்போடு, இறகில் சீப்புப் பல் மாதிரி முடி வைத்திருந்தால் அது வளர்ந்த இலைப்பேன். குஞ்சுகள் வெளிறின நிறம். அவற்றுக்குக் கறுப்பு அட்டைதான் சரி. அப்படியே காலை எண்ணுங்க. ஆறு கால் என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்திப்பேன் வகையறா. ஒன்றுக்கு அடிக்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் போகலாம். சில எட்டுக்கால்காரர்கள் கெட்ட பூச்சியைத் தின்கிற நல்லவர்களாகவும் இருப்பார்கள்! பத்துச் செடி தட்டி ஒன்றுகூட விழவில்லையா? “அப்பா, இந்த வாரம் மருந்து வேணாமே, அடுத்த வாரம் தட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்”னு சொல்ல உங்க கையில் ஒரு ஆதாரம் இருக்கு.

லென்ஸுக்கும் எல்லை உண்டு. ஏலத்தைக் குட்டிச்சுவராக்குகிற ‘கட்டே’ நோய் வைரஸால் வருவது. வைரஸ் நம்ம லென்ஸில் சிக்காது. ஆனால் அதைச் செடிக்குச் செடி சுமக்கிற அசுவினி சிக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை லென்ஸ் சொல்லாது. அதுக்கு இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. நீங்க பார்த்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, அதோடு போய்க் கேளுங்க. ‘ஏதோ பூச்சி சார்’ என்பதற்கும், ‘ஆறு கால், பத்துக் கொத்தில் நாலில் இருந்தது’ என்பதற்கும் வித்தியாசம் அவங்களுக்குத் தெரியும்.

அடுத்த லெவல்

பத்து மடங்கு போரடிச்சா, 60-லிருந்து 120 மடங்கு வரை காட்டுகிற பாக்கெட் மைக்ராஸ்கோப் இருக்கு. சின்ன டார்ச் மாதிரி, உள்ளே எல்.இ.டி. பொருள் மேலேயே வைத்துப் பார்க்கணும். கண்மாய்த் தண்ணீர் ஒரு சொட்டு போதும், ஒரு மணி நேரம் போறதே தெரியாது. செல்போன் கேமராவை அதன் கண்ணில் வைத்து போட்டோவும் எடுக்கலாம்.

இன்னும் மேலே போகணுமா? ஃபோல்ட்ஸ்கோப்! தாளை மடித்துச் செய்கிற மைக்ராஸ்கோப். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான மனு பிரகாஷும் அவரது மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானபோது, உதிரிப் பாகங்களின் செலவு ஒரு டாலருக்குள் என்று கணக்குக் காட்டினார்கள். 140 மடங்கு பெருக்கம். ரகசியம் ரெண்டரை மில்லிமீட்டருக்கும் சின்னதான ஒரு கண்ணாடி மணி. மேலே கோலிக்குண்டு கணக்குப் போட்டோமே, அதே கணக்கு! குண்டு சின்னதாக ஆக, பெருக்கம் கூடும். உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்துவிட்டது. நம்ம மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதை இந்தியக் கல்லூரி, பள்ளிகளுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டது. உங்க டிபார்ட்மென்ட் பீரோவில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். லேப் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க.

காட்டுக்குக் கிளம்பும் முன்

லென்ஸோடு மலை ஏறத் தோணும். நல்லது. ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். 2018 மார்ச்சில் போடி பக்கத்துக் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் நம்ம வயசுக்காரங்களும் உண்டு. காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை இந்த ஊர் பார்த்துவிட்டது. லென்ஸும் வெயிலைக் குவிக்கிற சாமான்தான். பார்த்து முடித்ததும் மடக்கி உறையில் போடுங்க, வெயிலில் திறந்து போட்டுட்டு வராதீங்க. செடி, பூச்சி எதையும் பிய்த்துக்கொண்டு வரவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே பார்க்கத்தானே பாக்கெட் லென்ஸ்!

இந்த வார அசைன்மென்ட்

மலையே ஏற வேணாம், ஹாஸ்டல் ரூமிலேயே தொடங்கலாம்:

* இந்தப் பக்கத்தில் இருக்கிற கலர் படம். முகமெல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளியாகச் சிதறும்.
* புது 500 ரூபாய் நோட்டு. ‘பாரத்’ என்று இந்தியிலும், ‘இந்தியா’ என்று ஆங்கிலத்திலும் நுண்ணெழுத்து எங்கே இருக்கு, கண்டுபிடிங்க. நோட்டு இல்லையா? மாசக் கடைசி, புரியுது!
* மெஸ் உப்பு. ஒவ்வொன்றும் அளந்து வெட்டின கனசதுரம்.
* கிணற்று ஓரத்துப் பெரணி இலையின் அடிப்பக்கம். பழுப்புப் பொட்டு ஒவ்வொன்றும் வித்துப் பைகளின் குவியல்.
* பாயசத்துக்குப் போடும் ஏலக்காய். தோலில் சொறி இருக்கா பாருங்க. இருந்தால், அதைச் செய்தது யார்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அந்தச் செடியை யார் எத்தனை தடவை நனைச்சிருப்பாங்கனும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அப்புறம் பாயசம் குடிங்க!