சாதி வாலை வெட்டினோம், சாதித் தடத்தை யார் அழிப்பது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி இருக்கிறது. சிப்காட் வந்த பிறகு தருமபுரி, திருவண்ணாமலை, சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளும் பீகார், ஒடிசா தொழிலாளர்களும் இங்கே வேலை தேடி வருகிறார்கள். இவர்களில் பலருக்குச் சம்பளம் மட்டும் கனவல்ல. ஊரில் எந்தத் தெரு என்று யாரும் கேட்காத ஓர் இடத்தில் வாழ்வதும் கனவுதான். நகரமும் தொழிற்சாலையும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரக்கூடிய பெரிய விடுதலை அது. சாதியைச் சொல்லாமல் இருக்கும் உரிமை.

ஆனால் வேலைக்குச் சேரும் ஒருவர் என்னென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆதார் நகல், பள்ளிச் சான்றிதழ், சொந்த ஊர் முகவரி, அப்பாவின் பெயர், கைரேகை, முகப் பதிவு. இவற்றில் பாதி ஒப்பந்தக்காரரின் அலைபேசியில் வாட்ஸ்அப் படமாகக் கிடக்கும். தெருப்பெயர் ஒன்று போதும், சாதியைக் கண்டுபிடிக்க. நம் ஊர்களில் முகவரியே சாதிச் சான்றிதழ்தான்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. தமிழ்நாடு இயற்றிய முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். பிறர் நம் சாதியை அறிந்துகொள்ளும் வழியை அடைத்தது அது. இன்று அந்த வழியை அலைபேசி மறுபடி திறந்துவிட்டது. திருமணத் தகவல் தளத்தில் எந்தப் பிரிவைத் தேடினோம், எந்தத் தலைவரின் பேச்சைக் கேட்டோம், எந்த ஊரிலிருந்து அழைப்பு வருகிறது என்பதை எல்லாம் சேர்த்துவைத்தால் பெயரில் வால் இல்லாவிட்டாலும் சாதி தெரிந்துவிடும்.

இது கற்பனை அச்சமல்ல. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மோசடியை வெளிக்கொண்டுவந்த கிறிஸ்டோபர் வைலி, 2018 மார்ச்சில் வெளியிட்ட ஆவணங்களில் அதன் தாய் நிறுவனம் உத்தரப் பிரதேசத்தில் வீடுவீடாகச் சாதிக் கணக்கு எடுத்த விவரமும் இருந்தது. வாக்காளரைச் சாதிவாரியாகப் பிரித்துக் குறிவைப்பதற்கே அந்தக் கணக்கு.

சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதன் பிறகு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் ஒரு முக்கியமான வரி இருந்தது. உடல்நலம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து ஆகியவற்றோடு சாதியும் பழங்குடி அடையாளமும் 'நுண்ணுணர்வுத் தரவு' என்று அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. 2019 மசோதாவில் முதலாளிக்குச் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை நுண்ணுணர்வுத் தரவுக்குப் பொருந்தாது என்ற வேலியும் இருந்தது.

அந்த மசோதாவை 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு திரும்பப் பெற்றது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நுண்ணுணர்வுத் தரவு என்ற பிரிவே இல்லை. ஒருவரின் சாதியும் அவர் வாங்கிய செருப்பின் அளவும் இந்தச் சட்டத்தின் முன் சமம்! வேலைவாய்ப்பு தொடர்பாக ஒப்புதல் இன்றியே தரவைக் கையாளலாம் என்கிறது ஏழாம் பிரிவு. இணையத்தில் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் ஒன்பதாம் பிரிவில் தடை உண்டு, ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு 'சம்மதம்' என்ற பொத்தான்தான் பாதுகாப்பு. வேலை வேண்டும், கடன் வேண்டும் என்று நிற்பவர் அந்தப் பொத்தானை அழுத்தாமல் என்ன செய்வார்?

மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பெருமை பேசுகிறார்கள். அது அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. பொய்ப் புகார் கொடுத்தால் புகார்தாரருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கோ இதே சட்டம் குடை பிடிக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். 2025 நவம்பரில் விதிகளோடு அந்தத் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு மட்டும் 18 மாத அவகாசம். பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பார்கள். அதை நிறுவும் சுமை இனி கேட்பவர் தலையில். பஞ்சமி நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, இடஒதுக்கீட்டுப் பணியிடத்தில் யார் அமர்த்தப்பட்டார் என்று கேட்டால், அது தனிப்பட்ட தகவல் என்று ஒரே வரியில் கோப்பை மூடலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கும் நாம் சாதித் தரவைப் பாதுகாக்கச் சொல்வது முரண் அல்லவா என்று கேட்கிறார்கள். முரண் இல்லை. ஒரு சமூகத்துக்கு எத்தனை நிலம், எத்தனை வேலை என்ற கணக்கு பொதுச் சொத்து. ஒரு தனிமனிதரின் சாதி என்ன என்பது அவருடைய தகவல். தனிநபர் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டமே சொல்கிறது. கணக்கு வெளியே வரட்டும், முகவரி உள்ளே இருக்கட்டும்.

இந்த வட்டாரத்தில் முகவரி உயிர்ப் பிரச்சினை. 2018 நவம்பரில், ஓசூரில் வாழ்ந்துவந்த சாதி மறுப்பு இணையர் கடத்தப்பட்டு, கைகால் கட்டப்பட்ட நிலையில் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் காவிரியிலிருந்து சடலங்களாக மீட்கப்பட்டார்கள். பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். இன்று அப்படி ஓர் இணையர் குருபரப்பள்ளியில் வாடகை வீடு எடுத்தால், உணவு விநியோகச் செயலிக்கும் கடன் செயலிக்கும் சம்பளம் போடும் நிறுவனத்துக்கும் அவர்களின் இருப்பிடம் தெரியும். அங்கே வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தால் போதும். சிறப்புத் திருமணச் சட்டமோ முகவரியோடு 30 நாள் அறிவிப்பு ஒட்டுகிறது.

இந்த ஆபத்தை நீதிமன்றம் உணராமல் இல்லை. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில், சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சுபவர்களை அப்படிக் கட்டாயப்படுத்துவது ஆபத்து என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் சொகுசு அல்ல, சாதியை மீறுபவர்களின் உயிர்க்கவசம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். ஒரு தகவல் கசிந்தது, அவ்வளவுதான் நடந்தது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சாதியையும் அதை ஊகித்து உருவாக்கும் தரவையும் தனிப் பாதுகாப்புக்கு உரியவையாக அறிவிக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர் சாதி விவரம் திரட்டுவதும் ஊகிப்பதும் தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய பிரிவு திரும்ப வேண்டும். ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை தர நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. அந்தச் சட்டத்தில் இணையரின் முகவரியையும் இருப்பிடத் தரவையும் கசியவிடுபவர் கொலைக்குத் துணைபோனவராகக் கருதப்பட வேண்டும்.

தொழிற்சங்கங்களும் இதைக் கூலி உயர்வுக்கு இணையான கோரிக்கையாக எடுக்க வேண்டும். சேரியை விட்டு வந்த பிள்ளையைச் சேரியின் முகவரி துரத்திக்கொண்டு வருமானால், குருபரப்பள்ளியும் இன்னொரு ஊர்த்தெருதான்.