ஜனாஸா வண்டியைத் தாழ்த்தலாமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

நான் வாழும் காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ளது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலை அருகிலுள்ள காரவள்ளியில் தொடங்குகிறது. லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லும் தொலைவில் இல்லை. ஆகவே வண்டிகளைப் பற்றிய பேச்சு எங்களுக்குப் புதிதன்று. அண்மையில் நம் வட்டாரத்து மஹல்லா ஒன்றில் எழுந்த பேச்சு ஜனாஸா வண்டியைப் பற்றியது.

அது ஒரு பழைய ஜீப். முந்தைய தலைமுறையினர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கியது. பின்புறத்தை நீட்டி, சந்தூக் வைக்க இடம் அமைத்திருந்தார்கள். அமெரிக்காவில் சிலர் பழைய கேடிலாக் சவ ஊர்திகளை வாங்கி, தரையை உரசுமளவு தாழ்த்தி அழகு பார்க்கும் காணொளிகளை இளைஞர் சிலர் கண்டார்கள். நம் வண்டியையும் நான்கு அங்குலம் தாழ்த்தலாம், பளபளக்கும் சக்கரங்களும் வண்ண விளக்குகளும் பொருத்தலாம் என்றார்கள். என்னிடம் கருத்துக் கேட்டபோது, ஒரே சொல்லில் "கூடாது" என்றேன். அவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் உஸ்தாதின் ஜனாஸாவை மருத்துவமனையிலிருந்து இதே போன்றதொரு வண்டியில் கொண்டுவந்த நாள் நினைவில் எழுந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சந்தூக் எகிறி விழுந்தது. அவருடைய மகன் வழிநெடுகத் தந்தையின் தலையை இரு கைகளாலும் தாங்கியபடியே வந்தார். இறக்கும்போது, மார்பளவு உயரத்திலிருந்த சந்தூக்கை முதியவர்கள் பற்ற முடியாமல் அது ஒருபுறம் சாய்ந்தது. அன்று நாங்கள் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நபி (ஸல்) அவர்களின் துணைவியார் மைமூனா (ரலி) அவர்கள் மக்காவுக்கு அருகிலுள்ள ஸரிஃப் என்னுமிடத்தில் மறைந்தார்கள். அவர்களின் சகோதரி மகனான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், கட்டிலைத் தூக்கும்போது உலுக்க வேண்டாம், குலுக்க வேண்டாம், மென்மையாகக் கொண்டு செல்லுங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஜனாஸாவை விரைந்து கொண்டு செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும் நாம் அறிவோம். இவ்விரண்டையும் இணைத்தே, விரைவு வேண்டும், ஆனால் மய்யித் குலுங்கும் அளவுக்கு ஓட்டம் கூடாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கினார்கள். தோளில் சுமப்போருக்குச் சொல்லப்பட்ட இந்த ஒழுக்கம் சக்கரத்தில் சுமக்கும் நமக்கும் பொருந்தாதா?

மறுவாரம் அந்த இளைஞர்களையே அழைத்துக்கொண்டு நாமக்கல்லில் பட்டை வேலை பார்க்கும் முதிய மேஸ்திரி ஒருவரிடம் சென்றேன். வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பாய், இந்தப் பட்டை பெரிய பாரத்துக்குப் போட்டது. நீங்க ஏத்துறது ஒரு சந்தூக்கும் நாலு பேரும். பட்டை வளையவே வளையாது. அப்புறம் குலுங்காம என்ன செய்யும்?"

பட்டைகளில் இரண்டை உருவிவிட்டால் வண்டி தாழ்ந்துவிடுமே என்று ஓர் இளைஞர் கேட்டார். தாழும்தான், ஆனால் பள்ளத்தில் அச்சு மேலெழுந்து சட்டத்தில் இடிக்கும், எஞ்சிய பட்டைகள் பாரம் தாங்காமல் முறியக்கூடும், மலை வளைவில் முறிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் அவர். வண்டி சுமக்கும் எடைக்கேற்ற மென்மையான பட்டைத் தொகுதி, தேய்ந்துபோன புஷ்களுக்குப் பதில் புதியவை, நல்ல ஷாக் அப்சார்பர், டயரில் அளவான காற்று ஆகியவையே குலுக்கத்துக்கு மருந்து. உயரத்துக்கு வண்டி முழுவதையும் தாழ்த்த வேண்டியதில்லை. சந்தூக் உருண்டு வெளிவர உருளைகள், நகராதிருக்கப் பிடிப்புகள், தூக்குவோர் ஏறி நிற்க ஒரு படி ஆகியவை போதும். அளவுமீறித் தாழ்த்திய வண்டி வேகத்தடையிலும் கபர்ஸ்தானின் மண்பாதையிலும் அடி தட்டி நின்றுவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டில் இதை உறுதிப்படுத்தியது. எனவே எந்த மாற்றத்துக்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நம் கடமை.

என் கருத்து இதுதான். மய்யித்தின் கண்ணியத்துக்கும் சுமப்போரின் தோளுக்கும் உதவும் மாற்றத்தைத் தயங்காமல் செய்யுங்கள். காண்போரின் கண்ணுக்காகச் செய்யப்படும் மாற்றத்தை விட்டுவிடுங்கள். ஜமாஅத்தின் பணம் அமானிதம். பளபளக்கும் சக்கரத்துக்காக எவரும் அதைக் கொடுக்கவில்லை. நான் முதலில் சொன்ன "கூடாது" பாதிதான் சரி. இளைஞர்களின் ஆசையில் கலந்திருந்த நல்ல எண்ணத்தை நான் கேட்டறியாமல் விட்டது என் பிழை. அதை அவர்களிடமே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. வண்டி தொலைவுக்காக மட்டுமே. தேவையின்றி ஜனாஸாவை வாகனத்தில் ஏற்றுவதை அறிஞர்கள் விரும்பவில்லை. பள்ளிவாசலிலிருந்து கபர்ஸ்தான் நடக்கும் தூரத்தில் இருந்தால், அந்த மரியாதையை நம் தோள்களே செய்யட்டும்.

உங்கள் மஹல்லாவின் ஜனாஸா வண்டியில் ஒருமுறை பின்னால் அமர்ந்து கபர்ஸ்தான் வரை சென்று பாருங்கள். என்ன மாற்ற வேண்டும் என்பதை அந்தப் பயணமே சொல்லும். ஒரு நாள் அதே வழியில் நாமும் கொண்டு செல்லப்படுவோம்.

வல்ல ரஹ்மான் நம் மரணித்தோரைப் பொருந்திக்கொள்வானாக! அவர்களைக் கண்ணியத்துடன் அனுப்பிவைக்கும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! ஆமீன்.